மாஸ்டர் பிளான் வரைவுக்கு ஆட்சேபணை: எப்போது, எப்படி, எதை எழுதுவது?

கேள்வி இதுதான்: எங்கள் பகுதிக்கு மாஸ்டர் பிளான் (எந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று வகுக்கும் முழுமைத் திட்டம்) வரைவு வெளியாகியிருக்கிறது, கருத்துக் கேட்புக் கூட்டம் என்று அறிவிப்பும் வந்திருக்கிறது. போய்ப் பேசினால் போதுமா, எழுதித் தர வேண்டுமா, எழுதினால் யாராவது படிப்பார்களா?

கூட்டத்துக்குப் போங்கள், ஆனால் அதை நம்பி இருந்துவிடாதீர்கள். சட்டம் கேட்பது எழுத்துப்பூர்வமான ஆட்சேபணையை. மைக்கில் பேசியது கூட்டக் குறிப்பில் அரை வரியாகச் சுருங்கும். சில வேளை அதுவும் இருக்காது. சர்வே எண் போட்டு, என்ன மாற்ற வேண்டும் என்று குறிப்பிட்டு, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையோடு கொடுத்த ஒரு பக்கக் கடிதத்துக்கு அலுவலகம் பதில் குறிப்பு எழுதியாக வேண்டும். பின்னால் நீதிமன்றம் போனாலும் கையில் இருப்பது அந்தக் காகிதம்தான்.

இந்த வாய்ப்பை ஏன் விடக் கூடாது என்பதற்கு ஒரு காரணம் பலருக்குத் தெரிவதில்லை. தமிழ்நாட்டில் ஒரு மனையில் கட்டடம் கட்டத் திட்ட அனுமதி கேட்டால் அக்கம்பக்கத்தாருக்கு நோட்டீஸ் போகாது. இங்கிலாந்தில் பக்கத்து வீட்டாருக்குக் கடிதம் அனுப்பியோ இடத்தில் அறிவிப்பு ஒட்டியோ குறைந்தது 21 நாள் அவகாசம் தருவார்கள். இங்கே அப்படி ஏதும் கிடையாது. வரைபடத்தில் உங்கள் தெரு வணிகம் என்று குறிக்கப்பட்டு, சாலை அகலமும் விதிப்படி இருந்தால், பக்கத்து மனையில் எழும் கட்டடத்தைப் பற்றி யாரும் உங்களிடம் கேட்கப் போவதில்லை. 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி 18.30 மீட்டருக்கு மேல் போனால் அது உயர்மாடிக் கட்டடம். சாதாரணக் கட்டடத்துக்கு எஃப்.எஸ்.ஐ. (மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்ற கணக்கு) 2 என்றால், சாலை 18 மீட்டர் இருக்கும் இடத்தில் உயர்மாடிக்கு 3.25 வரை. இன்று வரைவில் ஒரு சாலையை 18 மீட்டர் என்று கோடு போடுவதன் பொருள் அதன் இருபுறமும் என்ன எழலாம் என்று தீர்மானிப்பதுதான். பொதுமக்களிடம் கேட்கப்படும் கட்டங்கள் இரண்டே: திட்டம் உருவாகும்போது, பிறகு அதில் ஒரு நிலத்தின் வகைப்பாட்டை மாற்றும்போது.

அடிப்படைச் சட்டம் 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம். அதன்படி திட்டம் தயாரிப்பது சென்னைப் பெருநகருக்கு சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்); மற்ற ஊர்களில் டி.டி.சி.பி.யின் (நகர் ஊரமைப்பு இயக்ககத்தின்) கீழ் வரும் உள்ளூர் திட்டக் குழுமம் அல்லது நகர வளர்ச்சிக் குழுமம். சென்னையில் இப்போது நடப்பில் இருப்பது 2008 செப்டம்பர் 2-ஆம் தேதியிட்ட அரசாணை 190 மூலம் ஒப்புதல் பெற்ற இரண்டாவது முழுமைத் திட்டம், 1,189 சதுர கிலோமீட்டருக்கானது. அதற்கான இலக்கு ஆண்டு 2026. பெருநகர எல்லை 2022-இல் 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்கப்பட்டதால், மூன்றாவது திட்டம் வரும்போது முதன்முறையாக வரைபடத்துக்குள் வரும் கிராமங்கள் ஏராளம். கோவையில் 1994-இல் ஒப்புதல் பெற்ற திட்டம் ஏறத்தாழ முப்பது ஆண்டு நடைமுறையில் இருந்தது. ஒரு முறை கோடு விழுந்தால் ஒரு தலைமுறைக்கு இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வரைவு மக்கள் கைக்கு வருவதற்கு முன்பே ஒரு சுற்று முடிந்திருக்கும். 24-ஆவது பிரிவின்படி வரைவை வெளியிடவே அரசின் இசைவு வேண்டும். எந்தத் திசையில் நகரம் வளர வேண்டும், எங்கே புதிய வெளிவட்டச் சாலை, எந்தப் பக்கம் தொழிற்பகுதி என்ற பெரிய முடிவுகள் அந்த இசைவோடு ஏறக்குறைய உறைந்துவிடுகின்றன. அவற்றை மாற்ற நினைப்பவர்கள் தொலைநோக்கு ஆவணம், ஆய்வுக் கணிப்பு, துறைவாரிக் கலந்தாய்வு என்று நடக்கும் முந்தைய கட்டத்திலேயே நுழைய வேண்டும். வரைவு வந்த பிறகு பலன் தருவது இடம்சார்ந்த ஆட்சேபணைகள்: இந்த ஓடை விடுபட்டிருக்கிறது, இந்தச் சாலைக் கோடு வீடுகளின் மேல் போகிறது, இந்தப் பள்ளி மைதானம் குடியிருப்பு நிறத்தில் இருக்கிறது என்பது போன்றவை.

26-ஆவது பிரிவுதான் உங்களுக்கான பிரிவு. வரைவு தயாரானது பற்றியும் எங்கே பார்வையிடலாம் என்பது பற்றியும் அரசிதழிலும் முன்னணி நாளேடுகளிலும் அறிவிப்பு வர வேண்டும்; அரசிதழில் வெளியான நாளிலிருந்து குறைந்தது இரண்டு மாதம் அவகாசம் தர வேண்டும். நாளிதழ் விளம்பரத்தைப் பார்த்த நாளிலிருந்து எண்ணிக் கெடுவைத் தவறவிடுகிறவர்கள் உண்டு. கணக்கு அரசிதழ் தேதியிலிருந்து. ஆட்சேபிக்கும் உரிமை ‘எந்த நபருக்கும்’ என்றுதான் சட்டம் சொல்கிறது. நில உரிமையாளராக இருக்க வேண்டியதில்லை. வாடகைக்குக் குடியிருப்பவர், அந்த ஏரியில் மீன் பிடிப்பவர், மைதானத்தில் விளையாடும் பிள்ளைகளின் பெற்றோர், யாரும் எழுதலாம். தமிழில் எழுதலாம். வரைவு அறிக்கை ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால் தமிழ்ப் படி கேட்பதையே முதல் கடிதமாக அனுப்புவது நல்லது. அவகாசத்தை நீட்டிக்கக் கேட்க அது வலுவான காரணம்.

இனி வரைபடம். முதலில் உங்கள் ஊரின் வருவாய்க் கிராமப் பெயர், சர்வே எண், உட்பிரிவு மூன்றையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நகர்ப்பகுதி என்றால் நகர நில அளவை எண், வார்டு, பிளாக் எண்ணும் வேண்டும். தெருப் பெயரும் கதவு எண்ணும் திட்ட வரைபடத்தில் இருக்காது. வருவாய்த்துறையின் இணைய சேவைத் தளத்தில் பட்டா, சிட்டா, அ-பதிவேடு (ஒவ்வொரு புலமும் என்ன வகை என்று சொல்லும் கிராம நிலப் பதிவேடு), புலப்படம் கிடைக்கும். புலப்படத்தைத்தான் அளவையர்கள் எஃப்.எம்.பி. என்பார்கள், அதில் உங்கள் புலத்தின் எல்லைக் கோடுகள் மீட்டர் அளவோடு இருக்கும். அதை வரைவு வரைபடத்தின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நிறங்களின் பொது வழக்கம்: மஞ்சள் குடியிருப்பு, நீலம் வணிகம், ஊதா தொழிற்பகுதி, சிவப்பு நிறுவனம், பச்சை திறந்தவெளியும் வேளாண்மையும் வெவ்வேறு அழுத்தத்தில். கடைசியாகச் சொன்ன இரண்டு பச்சைகளைக் குழப்பிக்கொள்வது எளிது. ஆகவே படத்தோடு வரும் விளக்கப் பட்டியலையும் கிராம வாரியான சர்வே எண் பட்டியலையும் சேர்த்தே படிக்க வேண்டும். படமும் பட்டியலும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்றால் அதுவே நல்ல ஆட்சேபணை.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும், ஏனென்றால் வரும் ஆட்சேபணைகளில் கணிசமானவை இதில்தான் வீணாகின்றன. பட்டாவில் இருக்கும் நஞ்சை, புஞ்சை, நத்தம் என்பவை வருவாய்த்துறை வகைகள். திட்டத்தில் இருக்கும் குடியிருப்பு, வணிகம், வேளாண்மை என்பவை நில உபயோக வகைகள். ஒன்று மாறினால் மற்றது தானாக மாறாது. ‘என் பட்டாவில் பெயர் தவறாக இருக்கிறது’, ‘பங்காளி வழக்கு நிலுவையில் இருக்கிறது’ என்று திட்டக் குழுமத்துக்கு எழுதினால், அது தாசில்தாருக்கோ உரிமையியல் நீதிமன்றத்துக்கோ உரியது என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அதில் தவறும் இல்லை. அதேபோல், முறையான அனுமதியோடு கட்டிய வீட்டில் குடியிருக்கிறீர்கள், வரைவில் அந்த இடம் வேறு வகைக்குப் போயிருக்கிறது என்றால், நாளையே வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள் என்று பொருளில்லை. சிக்கல் வருவது அடுத்து இடித்துக் கட்டும்போது, மாடி எடுக்கும்போது. அந்தப் பாதிப்பைச் சொல்லி எழுதுங்கள், ‘வீட்டை இடிக்க வருகிறார்கள்’ என்று எழுதாதீர்கள்.

வரைவுகளில் திரும்பத் திரும்ப வரும் பிழைகள் சில உண்டு. செயற்கைக்கோள் படத்தின் மேல் புல எல்லைகளைப் பொருத்தும்போது சில மீட்டர் நகர்ந்துவிடும். ஓரத்துப் புலங்கள் பக்கத்து வகைக்குள் விழுந்துவிடும். கோடையில் எடுத்த படத்தில் ஏரியின் நீர்ப்பிடிப்பு வெறும் தரையாகத் தெரியும்; அ-பதிவேட்டில் ‘ஏரி’ என்று இருப்பது வரைவில் நகரமயமாகும் பகுதி ஆகிவிடும். ஏரியையாவது யாராவது கவனித்துச் சொல்லிவிடுவார்கள். அதற்கு வரும் வரத்துக்கால்வாயும் போகும் கலங்கல் ஓடையும்தான் முதலில் காணாமல் போகும், ஏனென்றால் அவை இரண்டு மூன்று மீட்டர் அகலமே உள்ள புறம்போக்குகள், அந்த அளவுப் படத்தில் கோடாகக்கூடத் தெரியாது. மேய்க்கால், மந்தைவெளி, களம், மயானம், அதற்குப் போகும் பாதை எல்லாம் இந்த வரிசையில் வரும். புதிய சாலைகள் மேசையில் அளவுகோல் வைத்து இழுத்ததுபோல நேராகப் போகும். தரையில் பார்த்தால் நடுவில் கோயிலோ காலனியோ இருக்கும். புலம் முழுக்க ஒரே வகை என்று எடுத்துக்கொண்டதால், 112/1 முதல் 112/9 வரை உட்பிரிவுகளில் இரண்டு மட்டும் தொழிற்சாலை என்றாலும் ஒன்பதும் ஊதாவாகிவிடும்.

இவற்றில் எதையாவது கண்டால் எப்படி எழுதுவது என்பதற்கு, அலுவலகத்தில் உங்கள் கடிதத்துக்கு என்ன நேர்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். வந்த கடிதங்களை ஓர் அட்டவணையாகப் போடுவார்கள்: வரிசை எண், பெயர், கிராமம், சர்வே எண், ஆட்சேபணையின் சுருக்கம், குழுமத்தின் குறிப்பு, ஏற்கலாமா கூடாதா. ஆயிரக்கணக்கில் வரும்போது நான்கு பக்க உணர்ச்சிக் கடிதத்தைச் சுருக்கும் வேலை ஓர் இளநிலை அலுவலரிடம் போகும். அவர் எழுதுவார், ‘திட்டத்துக்குப் பொதுவான எதிர்ப்பு’. எதிரே குறிப்பு: ‘கவனத்தில் கொள்ளப்பட்டது’. அதோடு முடிந்தது. ஆகவே அந்த அட்டவணையின் ஒரு வரிசையை நீங்களே நிரப்பித் தருவதுபோல எழுதுங்கள். மாதிரிக்கு ஒன்று (எண்களும் விவரங்களும் கற்பனை):

‘பொருள்: வரைவு முழுமைத் திட்டம், இன்ன கிராமம், சர்வே எண் 112/3, பரப்பு 0.48.5 ஹெக்டேர் — வகைப்பாட்டைத் திருத்தக் கோருதல். வரைவு வரைபடத்தில் மேற்படி புலம் முதன்மைக் குடியிருப்பு எனக் காட்டப்பட்டுள்ளது. கிராம அ-பதிவேட்டில் இது ஓடைப் புறம்போக்கு. புலப்படத்தில் ஓடையின் அகலம் 9.2 மீட்டர். இதன் வழியாகவே சர்வே எண் 98-இல் உள்ள ஏரியின் உபரிநீர் வெளியேறுகிறது. மழைக்காலத்தில் எடுத்த தேதியிட்ட படங்கள் இணைக்கப்பட்டுள்ளன. கோரிக்கை: (அ) இப்புலத்தை நீர்நிலை எனக் குறிக்க வேண்டும், (ஆ) இதன் தொடர்ச்சியான 113/1, 120/2 புலங்களையும் அவ்வாறே சரிபார்க்க வேண்டும். இது குறித்து நேரில் விளக்க வாய்ப்பு வேண்டும்.’

கடைசி வரியைக் கவனியுங்கள். அவகாசம் முடிந்த பிறகு, நேரில் கேட்கப்பட வேண்டும் என்று வேண்டியவர்களுக்கு நியாயமான வாய்ப்புத் தர வேண்டும் என்பதுதான் 26-ஆவது பிரிவின் இரண்டாம் உட்பிரிவு. வேண்டாதவரை அழைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பல கடிதங்களில் இந்த வரி இருப்பதில்லை. இணைப்பாக அ-பதிவேட்டு நகல், புலப்படம், வரைவு வரைபடத்தில் அந்த இடத்தை வட்டமிட்ட படம், இரண்டு மூன்று புகைப்படங்கள் போதும். ஒரு பிரச்சினைக்கு ஒரு கடிதம். ஓடை, சாலை, பூங்கா மூன்றும் பிரச்சினை என்றால் மூன்று கடிதம். ஒன்றாக எழுதினால் முதலில் உள்ளது மட்டும் அட்டவணையில் ஏறும்.

மாற்று யோசனை இல்லாத ஆட்சேபணை சாலை விஷயத்தில் எடுபடுவது கடினம். ‘சாலை வேண்டாம்’ என்றால் போக்குவரத்துத் தேவை என்று பதில் வரும். ‘இந்தக் கோட்டை வடக்கே நகர்த்தி, ஏற்கெனவே 12 மீட்டர் அகலமுள்ள ஊராட்சிச் சாலையோடு சேர்த்தால் பாதிக்கப்படும் வீடுகள் இத்தனை குறையும்’ என்று, வீடுகளை எண்ணி, புலப்படத்தில் கோடு போட்டுக் கொடுத்தால் குறைந்தபட்சம் பொறியாளர் ஒருவர் அதை எடுத்துப் பார்ப்பார். வீடுகளின் எண்ணிக்கையைப் பெருக்கிச் சொல்லாதீர்கள். தள ஆய்வுக்கு வந்து எண்ணிப் பார்த்தால் மீதி எல்லாவற்றிலும் நம்பிக்கை போய்விடும்.

ஐந்நூறு பேர் கையெழுத்திட்ட ஒரே வாசகம் பற்றியும் கேட்கிறார்கள். அது அரசியல் அழுத்தத்துக்கு உதவும். அமைச்சரையோ சட்டமன்ற உறுப்பினரையோ பார்க்கப் போகும்போது கொண்டுபோகலாம். அட்டவணையில் அது ஒரே வரிசைதான். பாதிப்பு வெவ்வேறாக இருக்கும் இருபது பேர் தத்தம் சர்வே எண்ணோடு இருபது தனிக் கடிதம் கொடுத்தால் இருபது வரிசை, இருபது பதில் குறிப்பு. சொத்து மதிப்பு குறையும் என்பதும், பக்கத்து நிலக்காரர் செல்வாக்கால் இப்படிச் செய்துவிட்டார் என்பதும் (உண்மையாகவே இருக்கலாம்) திட்டக் காரணங்களாக எடுத்துக்கொள்ளப்படுவதில்லை. வெள்ளம், நிலத்தடி நீர், சாலை அகலம், பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் இடம், அருகருகே பொருந்தாத உபயோகங்கள், ஏற்கெனவே இருக்கும் உபயோகம், இவை எடுபடும். சென்னையில் செங்குன்றம் நீர்ப்பிடிப்புப் பகுதி, தென்கடற்கரையோர நிலத்தடி நீர்ச் செறிவுப் பகுதி போன்றவற்றுக்குத் தனிக் கட்டுப்பாடுகள் இருக்கின்றன. உங்கள் புலம் அந்த எல்லைக்குள் வருகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

கொடுக்கும் முறை: அறிவிப்பில் சொன்ன முகவரிக்கு, சொன்ன பதவிப் பெயருக்கு. நேரில் தபால் பிரிவில் கொடுத்து, உங்கள் நகலில் தேதி முத்திரை வாங்குவது சிறந்தது. இல்லையென்றால் பட்டுவாடாச் சான்றோடு விரைவு அஞ்சல் (ஸ்பீட் போஸ்ட்). இணையப் படிவமோ மின்னஞ்சலோ அறிவிப்பில் இருந்தால் அதிலும் அனுப்பி, பதிவு எண்ணைப் படம் பிடித்து வையுங்கள். ஆனால் இணையப் படிவங்களில் எழுத்து வரம்பு இருக்கும், இணைப்பு ஏறாது, ஆகவே காகித நகலும் போகட்டும். கடைசி வாரத்துக்கு விட வேண்டாம். முதல் மாதமே கொடுத்தால், தேவையான ஆவணத்தைக் கேட்டு வாங்கிக் கூடுதல் கடிதம் தர நேரம் இருக்கும்.

நேரில் அழைத்தால் கிடைப்பது சில நிமிடங்கள். படத்தை மேசையில் விரித்து, கோரிக்கையைச் சொல்லி, பேசியதை ஒரு பக்கமாக எழுதிக் கொடுத்து அதற்கும் முத்திரை வாங்கிவிடுங்கள். அதோடு, ஊராட்சி என்றால் கிராம சபையில் தீர்மானம் போடுவது உதவும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகியவை வழக்கமான நாள்கள். இரண்டு மாத அவகாசத்துக்குள் பெரும்பாலும் ஒன்றாவது விழும். மாநகராட்சி, நகராட்சி என்றால் பகுதி சபை, வார்டு கமிட்டி. தீர்மானம் திட்டக் குழுமத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனால் அரசமைப்பின் பன்னிரண்டாம் அட்டவணை நகரத் திட்டமிடலை நகராட்சிகளின் பணிகளில் முதலாவதாக வைத்திருக்கும்போது, ஓர் உள்ளாட்சி அமைப்பே எழுத்தில் கேட்டதை ‘கவனத்தில் கொள்ளப்பட்டது’ என்று தள்ளுவது கோப்பில் நன்றாக இருக்காது. தீர்மானத்திலும் சர்வே எண் வேண்டும். ‘விவசாயத்தைக் காக்க வேண்டும்’ என்ற பொதுத் தீர்மானம் பத்திரிகைச் செய்திக்குத்தான்.

பிறகு குழுமம் திருத்தங்களைச் செய்து அரசுக்கு அனுப்பும். 28-ஆவது பிரிவின்படி அரசு அப்படியே ஒப்புதல் தரலாம், மாற்றங்களோடு தரலாம், திருப்பியும் அனுப்பலாம். ஒப்புதல் அரசிதழில் வெளியாகும்போது திட்டம் நடைமுறைக்கு வருகிறது. குழுமம் ஏற்றுக்கொண்ட உங்கள் திருத்தம் அரசு நிலையில் காணாமல் போகலாம் என்பதால், இறுதி வரைபடம் வந்ததும் அதே சர்வே எண்ணை மறுபடி பாருங்கள்.

விரிவு அபிவிருத்தித் திட்டம் என்ற இன்னொன்று உண்டு, டி.டி.பி. என்பார்கள். மாஸ்டர் பிளான் ஊர் முழுவதற்கும் என்றால் இது சில தெருக்களுக்கோ ஒரு பேட்டைக்கோ ஆனது. சாலைக் கோடு, பூங்கா, பள்ளிக்கான இடம் என்று புலம் புலமாகக் குறிக்கும். வீடு வாங்கிய பிறகு ‘இதில் டி.டி. ரோடு போகிறது’ என்று தெரியவருவது இதனால்தான். இதற்கான அறிவிப்பு 27-ஆவது பிரிவில் வருகிறது. 38-ஆவது பிரிவு ஒரு நிவாரணம் வைத்திருக்கிறது: 26 அல்லது 27-இன்கீழ் அரசிதழ் அறிவிப்பு வந்து மூன்று ஆண்டுக்குள், பொதுப் பயனுக்கு என ஒதுக்கிய நிலத்தைக் கையகப்படுத்தும் அறிவிக்கை வரவில்லை, பேசியும் வாங்கவில்லை என்றால், அந்த ஒதுக்கீட்டிலிருந்து நிலம் விடுபட்டதாகவே கருதப்படும். இதை நம்பிச் சிலர் ஏமாறுவதும் உண்டு. விடுபடுவது சாலைக்கும் பூங்காவுக்கும் என்று ஒதுக்கிய நிலம். குடியிருப்பு, வேளாண்மை என்ற வகைப்பாட்டு நிறம் மூன்று ஆண்டில் அழிந்துவிடாது. மனைப்பிரிவு அனுமதியின்போது தானமாக எழுதிக் கொடுத்த ஓ.எஸ்.ஆர். (பொதுத் திறந்தவெளிக்கான) நிலமும் இதில் வராது. விடுபட்டதாகக் கருதப்பட்டாலும் வரைபடத்திலிருந்து கோட்டை அலுவலகம் தானாக எடுத்துவிடாது. விண்ணப்பிக்க வேண்டும், பல நேரம் உயர் நீதிமன்ற உத்தரவு வரை போக வேண்டியிருக்கும்.

ஆனால் என் கணிப்பில், திட்டத்தை அரிப்பது பெரிய வரைவு அல்ல, அதற்குப் பிறகு வரும் தனித்தனி வகைப்பாட்டு மாற்றங்கள். 32-ஆவது பிரிவின் நான்காம் உட்பிரிவின்கீழ் இன்ன சர்வே எண் வேளாண் பகுதியிலிருந்து குடியிருப்பாகிறது, குடியிருப்பிலிருந்து தொழிற்பகுதியாகிறது என்று ஒவ்வொன்றாக மாறும். விண்ணப்பித்தவர் விளம்பரச் செலவைக் கட்டுவார், நாளிதழில் சிறிய அறிவிப்பு வரும், ஆட்சேபணைக்கு இரண்டு மாதம் எல்லாம் கிடையாது, அறிவிப்பில் போட்டிருக்கும் சில வாரங்கள்தான். பெரும்பாலும் அந்தக் கிராமத்தில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். ஆட்சேபணை ஏதும் வரவில்லை என்று கோப்பில் ஏறும். ஒப்புதல் ஆனதும் தமிழ்நாடு அரசிதழின் ஆறாம் பகுதி, முதல் பிரிவில் ‘திட்டத்தில் மாறுதல்’ என்று வரும். வார அரசிதழ் புதன்கிழமை வெளியாகிறது. இணையத்தில் இலவசமாகப் பதிவிறக்கலாம். குடியிருப்போர் சங்கத்தில் ஒருவர் வாரம் ஒருமுறை சொந்தக் கிராமப் பெயரைத் தேடிப் பார்ப்பதும், இரண்டு நாளிதழ்களின் அறிவிப்புப் பக்கத்தைப் பார்ப்பதும் ஒரு கூட்டத்துக்கு நூறு பேரைத் திரட்டுவதைவிடப் பயனுள்ள வேலை. இந்த வகை ஆட்சேபணையில் கேட்க வேண்டியவை: அணுகுசாலையின் உண்மையான அகலம் (நாடா வைத்து அளந்து எழுதுங்கள்), நீர்வளத்துறையின் கருத்து பெறப்பட்டதா, சுற்றியுள்ள புலங்களின் வகைப்பாடு என்ன, நடுவே ஒற்றைப் புலத்தை மட்டும் மாற்றுவதற்கு என்ன திட்டக் காரணம்.

திட்டப் பகுதிக்கு வெளியே இருக்கும் ஊர்களுக்கு இந்த நடைமுறையே பொருந்தாது. அங்கே விளைநிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்றுவது 47-அ பிரிவின்கீழும் 2017-ஆம் ஆண்டு விதிகளின்கீழும் நடக்கிறது.

சுற்றுச்சூழல் அனுமதிக்கான பொதுக் கருத்துக் கேட்பையும் இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். அது 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்கீழ், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 30 நாள் முன்னறிவிப்புக் கொடுத்து, மாவட்ட ஆட்சியர் அல்லது அவர் பிரதிநிதி தலைமையில் நடத்துவது. தொழிற்சாலை, சுரங்கம் போன்றவற்றுக்கு. கட்டுமானத் திட்டங்களுக்கும் டவுன்ஷிப்புகளுக்கும் அந்த அறிவிக்கையே விலக்கு அளித்திருக்கிறது. ஆக ஒரு பெரிய அடுக்குமாடி வளாகத்துக்கு அங்கேயும் உங்களிடம் கேட்க மாட்டார்கள்.

எல்லாம் செய்தும் பலன் இல்லை என்றால், முதலில் தகவல் உரிமை மனு. பத்து ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில். கேட்க வேண்டியது ‘ஏன் ஏற்கவில்லை’ என்ற விளக்கமல்ல. ஏன் என்ற கேள்விக்குத் தகவல் அலுவலர் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று தள்ளிவிடுவார். ஆவணத்தைக் கேளுங்கள்: ஆட்சேபணை அட்டவணையில் உங்கள் கடிதம் இடம்பெற்ற பக்கத்தின் நகல், அதன் எதிரே உள்ள குறிப்பு, தள ஆய்வு அறிக்கை, நேர்காணல் பதிவு, தொழில்நுட்பக் குழுக் கூட்டக் குறிப்பு, பிற துறைகள் அனுப்பிய கருத்துகள். உங்கள் கடிதம் அட்டவணையிலேயே இல்லை, அல்லது கேட்டும் நேரில் அழைக்கவில்லை என்று இதில் தெரிந்தால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுவுக்கு அது நல்ல அடிப்படை. திட்டம் சரியா தவறா என்று நீதிமன்றம் பொதுவாக எடை போடாது. சட்டம் சொன்ன நடைமுறை நடந்ததா என்று பார்க்கும். குடியிருப்பவர்களுக்கு வழக்குத் தொடர உரிமை உண்டா என்ற கேள்வியை உச்ச நீதிமன்றம் 1991-இலேயே பெங்களூரு மெடிக்கல் டிரஸ்ட் வழக்கில் தீர்த்துவிட்டது: மனைப்பிரிவில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தது செல்லாது, அதை எதிர்க்க அப்பகுதி மக்களுக்கு உரிமை உண்டு என்றது. நம் சட்டத்தின் 113-ஆவது பிரிவில், ஒரு நிலத்துக்கோ கட்டடத்துக்கோ சட்டத்திலிருந்து விலக்களிக்கும் அதிகாரம் அரசுக்கு இருக்கிறது. அதைக் காரணம் காட்டாமல் பயன்படுத்திய 62 ஆணைகளை 2000-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. பிரிவு செல்லும், காரணமில்லாத ஆணை செல்லாது என்பது தீர்ப்பின் சாரம். ரிட் போடுவதானால் அரசிதழ் அறிவிப்பு வந்த சில மாதங்களுக்குள் போடுங்கள். அதை நம்பி மற்றவர்கள் மனை வாங்கி, அனுமதி பெற்றுக் கட்டிடம் எழுப்பிய பிறகு போனால் தாமதம் ஒன்றே மனுவைத் தள்ளப் போதுமானதாகிவிடும்.